முதல் கஜபாகு: கனடா போர்க்கப்பல், பயணிகள் கப்பல், மறுபடி போர்க்கப்பல், கடைசியா நம்ம நேவி

அட்டன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். கஜபாகுன்னு தேடுனா இப்ப வர்றதெல்லாம் 2019ல கொழும்புல கொடியேத்துன அமெரிக்கக் கப்பல்தான். அதுக்கு அறுபது வருஷம் முந்தி, 1959ல, அதே பேர்ல ஒரு கப்பல் நம்ம இலங்கை நேவிக்கு வந்துச்சு. தமிழ்ல அதப்பத்தி ஒழுங்கா எழுதுன ஒண்ணு இதுவரைக்கும் என் கண்ணுல படல, அதான் நானே தொடங்குறேன், தெரிஞ்சவங்க வந்து சேத்து எழுதுங்க.

கதை மொன்றியல்ல ஆரம்பிக்குது. கனேடியன் விக்கர்ஸ் யார்டு. 1944 மார்ச்ல தண்ணியில இறக்குனாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல கனடா நேவியில சேந்துச்சு, பேரு எச்.எம்.சி.எஸ். ஹலோவெல். ரிவர் கிளாஸ்னு சொல்ற ஃப்ரிகேட் வகை. நீளம் 301 அடி, அகலம் 36 அடி சொச்சம், வேகம் 20 நொட். அட்லாண்டிக்ல சரக்குக் கப்பலுங்க கூட்டம் கூட்டமா போறப்ப சுத்தி நின்னு காவல் காக்கிறது, ஜெர்மன்காரன் நீர்மூழ்கி வந்தா தேடி அடிக்கிறது, இதான் வேலை. இந்த வகைக் கப்பல்ல ஹெட்ஜ்ஹொக்னு ஒண்ணு இருக்கும், 24 குண்ட ஒரே தடவையில முன்பக்கமா வீசும். அதுக்கு முந்தி இருந்த ஆழ்கடல் குண்டுகள பின்பக்கமாத்தான் போட முடியும், கப்பல் நீர்மூழ்கிக்கு மேல போற நேரத்துல ஒலிக்கருவிக்கு அது எங்க இருக்குன்னே தெரியாம போயிரும், அந்த இடைவெளியில அவன் தப்பிச்சிருவான். முன்னால வீசுனா கடைசி வரைக்கும் அவன் கருவியிலயே இருப்பான். இந்த ஒரு மாத்தம் எத்தனையோ மாலுமிங்க உசுரக் காப்பாத்தியிருக்கு.

யுத்தம் முடிஞ்சதும் 1945 நவம்பர்ல வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. 1946ல உருகுவேக்காரங்க வாங்குனாங்க. 1949ல கை மாறி ஷரோன்னு பேரு வச்சு பயணிகள் கப்பலா ஓடுச்சு. 1952ல இஸ்ரேல் நேவி எடுத்து மறுபடியும் பீரங்கி பூட்டி மிஸ்னாக்னு பேரு வச்சாங்க. 1959ல நாம வாங்குனோம், கஜபாகு ஆச்சு. கூடவே இன்னொரு கப்பலும் வந்துச்சு, மகாசேன. அதுவும் கனடா ஃப்ரிகேட்தான், பழைய பேரு ஓர்க்னி, நடுவுல வயலெட்டான்னு வியாபாரக் கப்பல், அப்புறம் இஸ்ரேல்ல மிவ்தாக்.

ஒரே இரும்பு, நாலு பேரு. இதுக்கு மேல தெரிஞ்சவங்க எழுதுங்க.

டிக்கோயா பொடியன்:
அண்ணே சூப்பர் இழை. எனக்கு ஒரு டவுட்டு, போர்க்கப்பல எப்பிடி பயணிகள் கப்பலா மாத்துறது, உள்ளுக்குள்ள அவ்வளவு இடம் இருக்குமா, பீரங்கிய கழட்டுனா மட்டும் போதுமா? அப்புறம் திரும்ப போர்க்கப்பலா மாத்துறதுன்னா முதல்ல கழட்டுன எல்லாத்தையும் மறுபடி பூட்டணுமே, அதுக்குப் புதுசா ஒண்ணு கட்டிரலாமே.

ஸ்டோர் மெக்கானிக்:
தம்பி நான் கப்பல்ல வேலை செஞ்சவன் இல்ல, தோட்டத்து ஸ்டோர்ல, அதாவது தேயிலை ஃபெக்டரியில, மெஷின் பக்கம் இருந்து பென்ஷன் வாங்குனவன், ஆனா இஞ்சின்னா எந்த இஞ்சினா இருந்தாலும் தேடிப் படிப்பேன். உங்க கேள்விக்கு வர்றேன்.

முதல்ல பாரம். போர்க்கப்பல்ல மேல்தட்டுல பீரங்கி, குண்டு வீசுற சாமான், இரும்புக் கவசம் எல்லாம் இருக்கும், அத எடுத்துட்டா மேல பாரம் கொறையும், அந்த எடத்துல ஆளுங்க தங்குற கெபின் கட்டலாம். கீழ குண்டு அடுக்கி வச்சிருந்த அறை சாமான் அறையா ஆயிரும். யுத்த நேரத்துல இந்த மாதிரி ஒரு கப்பல்ல 140 பேருக்கு மேல மாலுமிங்க இருந்தாங்க, பயணிகள் கப்பலுக்கு அதுல கால்வாசி ஆளு போதும், மிச்ச எடமெல்லாம் பயணிகளுக்கு. ஆனா ஒண்ணு, இது நீட்டு ஒல்லிக் கப்பல், அலையில நல்லா உருளும், மேல உயரமா கட்டுனா இன்னும் மோசம், அதனால அடியில பாரம் போட்டு சமன் பண்ணுவாங்க. அதுல பயணம் போனவங்க பாடு கஷ்டம்தான்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, இஞ்சின். பெரிய போர்க்கப்பல்ல எல்லாம் டர்பைன் இருக்கும், இதுல அது இல்ல. மூணு கட்டமா நீராவிய விரிக்கிற பழைய பிஸ்டன் இஞ்சின், ரெண்டு. ஒரே நீராவி முதல்ல சின்ன சிலிண்டர்ல வேலை செஞ்சிட்டு கொஞ்சம் அழுத்தம் கொறைஞ்சு அடுத்த சிலிண்டருக்குப் போகும், அங்கேருந்து இன்னும் பெருசுக்குப் போகும், கடைசியில தண்ணியாகி திரும்ப பொய்லருக்கே வந்துரும். ரெண்டு இஞ்சினும் சேந்து 5500 குதிரை சக்தி. யுத்த நேரத்துல டர்பைன் செய்ற பெரிய கம்பனிங்களுக்கு மூச்சு விட நேரமில்ல, ஆனா இந்த பிஸ்டன் இஞ்சின எந்த ஊரு பட்டறையிலயும் வார்த்து எடுத்துரலாம், ஓட்டுறதுக்கும் வியாபாரக் கப்பல்ல வேலை செஞ்ச சாதாரண ஆளு போதும். கொர்வெட்னு சொல்ற சின்னக் கப்பல்ல இதே இஞ்சின் ஒண்ணு போட்டாங்க, ரிவர் கிளாஸ்ல ரெண்டா போட்டாங்க, அவ்வளவுதான்.

அதனாலதான் யுத்தம் முடிஞ்சு இந்தக் கப்பலுங்கள தனியாருங்க தைரியமா வாங்குனாங்க. எந்தத் துறைமுகத்துல பழுதானாலும் திருத்த ஆளு கெடைக்கும். உருகுவேக்காரன், இஸ்ரேல்காரன், நாம, எல்லாரும் அதே இஞ்சின ஓட்டியிருக்கோம்னா காரணம் அதோட எளிமை.

சும்மா ஒரு சேதி: நம்ம ஸ்டோர்ல தேயிலை காயவைக்கிற சிரோக்கோ இருக்கே, அத செஞ்ச பெல்ஃபாஸ்ட் டேவிட்சன் கம்பனி கப்பலுக்கும் விசிறி செஞ்சு குடுத்துச்சு. அந்த டேவிட்சன் முதல்ல அசாம் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்தவரு. கொழுந்து காயவைக்க காத்த எப்பிடி அடிக்கிறதுன்னு மண்டைய ஒடச்சிக்கிட்ட மனுஷன், கடைசியில அவரு விசிறி போர்க்கப்பல் வரைக்கும் போச்சு. ஸ்டோர்ல விசிறி ஓடுற சத்தம் கேட்டா எனக்கு எப்பவும் இது ஞாபகம் வரும்.

அட்டன்வாசி:
மெக்கானிக் ஐயா, கோடி நன்றி. இஞ்சின் பத்தி இவ்வளவு தெளிவா நான் எங்கயும் படிக்கல.

பொடியன், மாத்துறதப் பத்தி கேட்டீங்கல்ல, ஹலோவெல்லோட கூடப்பொறந்த கப்பல் ஒண்ணு இருக்கு, அதப்பாத்தா உங்களுக்குப் புரியும். அதே மொன்றியல் யார்டு, அதே ரிவர் கிளாஸ், பேரு ஸ்டோர்மொன்ட், 1943ல இறக்குனது. நோர்மண்டி தரையிறக்கத்துல கலந்துக்கிட்ட கப்பல். யுத்தம் முடிஞ்சதும் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிட்டாங்க, 34,000 டொலருக்கு கிரேக்கக் கப்பல் முதலாளி ஒனாசிஸ் 1954ல வாங்குனாரு. ஜெர்மனியில கீல் துறைமுகத்துல குடுத்து நாப்பது லட்சம் டொலர் செலவழிச்சு தன்னோட சொந்த உல்லாசக் கப்பலா மாத்துனாரு, மகள் பேர கிறிஸ்டினான்னு வச்சாரு. சர்ச்சில் அதுல விருந்தாளியா போயிருக்காரு, மொனாக்கோ இளவரசர் கல்யாண விருந்து 1956ல அதுலதான் நடந்துச்சு. இன்னிக்கும் அந்தக் கப்பல் மத்தியதரைக் கடல்ல வாடகைக்கு ஓடுது.

யோசிச்சுப் பாருங்க, ஒரே யார்டுல ஒரு வருஷ இடைவெளியில பொறந்த ரெண்டு கப்பல். ஒண்ணுல கோடீஸ்வரன் குளிக்கிற நீச்சல் தொட்டி, இன்னொண்ணு திருகோணமலையில. டொமினிக்கன் குடியரசு சர்வாதிகாரி துருஹியோவும் இதே வகைக் கப்பல் ஒண்ண தன்னோட உல்லாசக் கப்பலா வச்சிருந்தான், அதோட பழைய பேரு கார்ல்பிளேஸ்.

இஸ்ரேலுக்கும் இதுல ஒரு பழக்கம் இருக்கு. 1946ல யூத அகதிகள பாலஸ்தீனத்துக்கு ஏத்திக்கிட்டுப் போன ரெண்டு பழைய கனடா கொர்வெட்டுங்கள பிரிட்டிஷ்காரன் புடிச்சு ஹைஃபாவுல கட்டிப் போட்டான், 1948ல நாடு உண்டானதும் அதே ரெண்டையும் எடுத்து இஸ்ரேல் தன்னோட ஆரம்பகாலப் போர்க்கப்பலுங்கள்ல சேத்துக்கிச்சு. மிஸ்னாக் அந்த வரிசையில வந்தது.

தியத்தலாவை மலர்:
இந்த இழைக்கு எங்க ஊரு சார்பா ஒண்ணு சேக்கணும் 😊 கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்னு நெனைக்காதீங்க, நம்ம நேவி மாலுமிங்க பயிற்சி எடுத்ததே எங்க தியத்தலாவையிலதான். 1950 டிசம்பர்ல ரோயல் சிலோன் நேவின்னு சட்டப்படி உண்டாச்சு, கொஞ்ச காலத்துல தியத்தலாவையில ரங்கல்லன்னு பயிற்சிக் கெம்ப் போட்டாங்க. கடல்மட்டத்துலேருந்து நாலாயிரம் அடிக்கு மேல, சுத்தி பைனஸ் மரமும் புல்லு மலையும், அங்க நின்னுதான் முடிச்சுப் போடவும் கொடி காட்டவும் படிச்சிருக்காங்க. கஜபாகு வந்த காலத்துல நேவியில சேந்த பசங்க எல்லாம் கப்பலப் பாக்கிறதுக்கு முந்தி எங்க ஊரு குளிரத்தான் பாத்திருப்பாங்க.

அதுக்கு முந்தி யுத்த காலத்துல பிரிட்டிஷ் நேவி மாலுமிங்க ஓய்வெடுக்க வர்ற கெம்ப்பும் இங்க இருந்துச்சு. ஃபொக்ஸ் ஹில்ல வெள்ளைக் கல்லு வச்சு நரி உருவம் போட்டிருக்குமே, ரேஸ் பாக்கப் போறவங்க எல்லாம் அதுகிட்ட நின்னு செல்ஃபி எடுக்கிறீங்க, அத போட்டதும் எச்.எம்.எஸ். ஃபொக்ஸ்னு ஒரு போர்க்கப்பல் மாலுமிங்கதான். இத எங்க ஊரு பசங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியாது, அதான் எழுதுறேன்.

திருமலைக்காரன்:
வணக்கம் மலையக உறவுகளே, திருகோணமலையில இருந்து எழுதுறன். நீங்கள் கதைக்கிறதப் பாக்க சந்தோசமாக் கிடக்கு, எங்கட ஆக்களே இந்தக் கப்பலை மறந்து போச்சினம்.

கஜபாகு ஏன் அந்த நேரம் வந்தது எண்டு விளங்கோணும் எண்டால் 1957ஐப் பாக்கோணும். அதுவரைக்கும் திருகோணமலைத் தளம் பிரிட்டிஷ்காரன்ர கையில. 1957ல பண்டாரநாயக்க அரசாங்கம் திருப்பி எடுத்தது. பிரிட்டிஷ்காரன் போனாப் பிறகு இவ்வளவு பெரிய துறைமுகத்துக்கும் தீவைச் சுத்தின கடலுக்கும் எங்களிட்ட கப்பல் எங்க? இருந்த பெரிய கப்பல் விஜய. அதுவும் கனடாவில கட்டினதுதான், கண்ணிவெடி வாருற வகை, பிரிட்டிஷ் நேவியில ஃப்ளையிங் ஃபிஷ் எண்ட பேரில ஓடினது, 1949ல வந்தது. அதின்ர வகையில இன்னொண்டு பராக்கிரம. புதுசா வாங்கக் காசில்லை, அதாலதான் இஸ்ரேல் கழிச்சு விட்ட ரெண்டையும் எடுத்தவை. அப்ப நேவித் தளபதியா இருந்தவர் ரோய்ஸ் டி மெல், கடற்படையைப் பெருசாக்க வேணும் எண்டு நிண்டவர்.

பிறகு 1962 ஜனவரியில அரசைக் கவிழ்க்க ஒரு சதி நடந்தது தெரியும்தானே, ஆமி, பொலிஸ், நேவி அதிகாரிமார் சேந்து செய்ய வெளிக்கிட்டது. அதில டி மெல்லின்ர பேரும் வந்தது. அதுக்குப் பிறகு அரசாங்கத்துக்கு நேவியில நம்பிக்கை இல்லாமப் போச்சு. கப்பலுகளை வித்தினம், ஆள் சேர்க்கிறதை வருசக்கணக்கா நிப்பாட்டினம், தங்கச்சி சொன்ன தியத்தலாவைப் பயிற்சிக் கெம்ப்பும் கைவிட்டுப் போச்சு. மகாசேனவும் போயிட்டுது. மிஞ்சின ஒரே பெரிய கப்பல் கஜபாகுதான்.

1971 கிளர்ச்சி வரேக்குள்ள நேவியிட்ட ஒரு ஃப்ரிகேட்டும் கொஞ்சம் சின்ன ரோந்துப் படகுகளும்தான். மாலுமிமாரைத் தரையில சண்டைக்கு அனுப்பினவை. அடுத்த வருசம் சீனா ஷங்காய் வகைப் படகுகள் அஞ்சு குடுத்தது. 1972ல குடியரசு ஆனதோட ரோயல் சிலோன் நேவி எண்ட பேர் போய் ஸ்ரீலங்கா நேவி ஆச்சு, கஜபாகுவும் புதுக்கொடியோட ஓடினது. 1978ல கணக்கில இருந்து எடுத்துட்டினம். அப்ப அதுக்கு வயசு 34. அட்லாண்டிக் குளிருக்கு அவசரத்தில கட்டின கப்பல், இந்து சமுத்திர உப்பிலயும் வெக்கையிலயும் அவ்வளவு காலம் நிண்டு பிடிச்சது எண்டால் கட்டினவனையும் பராமரிச்சவனையும் கையெடுத்துக் கும்பிடோணும்.

கொட்டகலை டீச்சர்:
ரொம்ப அருமையா போகுது இழை. ஆனா ஒரு விஷயத்த யாரும் தொடல, நான் தொடுறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

கஜபாகு நம்ம நேவியில இருந்த காலம் 1959லேருந்து 1978 வரைக்கும். அந்தக் காலத்துல நேவிக்கு அன்னாடம் இருந்த வேலை என்ன? வெளிநாட்டுக்காரன் யாரும் படையெடுத்து வரல. வேலை பாக்கு நீரிணையில ரோந்து. இந்தியாவுலேருந்து அனுமதியில்லாம வர்ற தோணிகள தடுக்கிறது. 1952ல ஒபரேஷன் மொன்டின்னு தொடங்குனாங்க, ஆமியும் நேவியும் சேந்து. 1963ல அத பெருசாக்கி தனி செயலணியே போட்டாங்க, அது 1981 வரைக்கும் இருந்துச்சு. அந்தத் தோணியில வந்தவங்க யாரு? பெரும்பாலும் நம்ம சனத்தோட சொந்தக்காரங்கதான். தோட்டத்துல இருக்கிற புருஷங்கிட்ட வர்ற பொஞ்சாதி, அண்ணங்கிட்ட வர்ற தம்பி. முந்தி தாராளமா வந்து போன பாதை அது, 1914லேருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஸ்டீமர் ஓடுன பாதை, திடீர்னு சட்டம் போட்டு குறுக்க நின்னுட்டாங்க.

1948 குடியுரிமைச் சட்டம் நம்மள நாடில்லாதவங்க ஆக்குச்சு. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. மூணு தலைமுறையா இதே மலையில கொழுந்து பறிச்சவங்கள கள்ளத்தோணின்னு ரோட்டுல கூப்பிட்டாங்க. 1964 அக்டோபர்ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்க குடியுரிமை, மிச்சம் ஒன்றரை லட்சத்த அப்புறம் பாக்கலாம்னு வச்சுட்டாங்க. ஆளுங்கள தலையெண்ணிப் பங்கு பிரிச்ச ஒப்பந்தம்.

அப்ப எங்க அம்மாச்சி பக்கத்துச் சொந்தமெல்லாம் தலைமன்னார் வழியா இந்தியாவுக்குப் போனாங்க. தகரப் பெட்டி மேல பெயிண்ட்ல பேரும் தோட்டத்துப் பேரும் எழுதி, கயிறு கட்டி, ரயில்ல ஏத்தி விட்டாங்க. ஸ்டேஷன்ல அழுத அழுகைய இன்னும் பெரியவங்க சொல்லுவாங்க. நம்ம சனத்துக்கு கடல்னா அந்தத் துறைதான், கப்பல்னா ராமானுஜம் கப்பல்தான், அங்கேருந்து ராமேஸ்வரம், அப்புறம் போனவங்கள தங்க வச்ச மண்டபம் கெம்ப்.

அதனால கஜபாகு பத்தி எழுதுறப்ப இஞ்சினும் நீளமும் மட்டும் எழுதுனா பாதிக் கதைதான் எழுதுன மாதிரி. அந்த நேவி யார எதுத்து ரோந்து போச்சுன்னும் எழுதணும்.

டிக்கோயா பொடியன்:
டீச்சர் நீங்க சொல்றது எல்லாம் உண்மைதான், எங்க வீட்டுலயும் பாதிப்பேரு இந்தியாவுல கூடலூர்ல இருக்காங்க. ஆனா கப்பல் என்ன பண்ணும், அது இரும்பு, சொல்ற எடத்துக்குப் போகும். சட்டம் போட்டது பார்லிமென்ட்ல இருந்தவங்க. கப்பல் பிரியர்கள் இழையில இத கொண்டு வந்தா அரசியல் சண்டையா போயிருமேன்னு ஒரு பயம்.

கொட்டகலை டீச்சர்:
கப்பல நான் குத்தம் சொல்லலப்பா. சேவை வரலாறுன்னு தலைப்பு போட்டா அது என்ன சேவைன்னு சொல்லணும்ல. அட்லாண்டிக்ல அது காவல் காத்த சரக்குக் கப்பல் மாலுமிங்களப் பத்தி அட்டன்வாசி தம்பி எழுதுனாரு, நல்லது. அதே கப்பல் இங்க வந்தப்புறம் இருந்த கடல்ல யாரு இருந்தாங்கன்னும் எழுதுங்கன்னுதான் கேக்குறேன். அந்தத் தோணியில இருந்தவங்களுக்கும் பேரு இருந்துச்சு, ஊரு இருந்துச்சு.

திருமலைக்காரன்:
டீச்சர் சொல்லுறது நியாயம். ஒரு விளக்கம் மட்டும் சேக்கிறன். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், ஆதாம் பாலத்துக்குக் கிட்ட சில இடத்தில ஆள் நிண்டால் தலை தெரியிற அளவுதான். கஜபாகு மாதிரி 300 அடிக் கப்பல் மன்னார்க் கரைக்கு ஒட்டி வரேலாது, தரை தட்டிப் போடும். கரையோரம் தோணியைத் துரத்தினது சின்னப் படகுகள், அறுபதுகளின்ர நடுப்பகுதிக்குப் பிறகு தொர்னிகிராஃப்ட் படகுகள் வந்தது அதுக்குத்தான். பெரிய கப்பல் ஆழக்கடல்ல நிக்கும். ஆனா நேவி ஒண்டுதான், கட்டளையும் ஒண்டுதான், அதை நான் மறுக்கேல்ல. மன்னார்ப் பக்கத்து மீன்பிடிச் சனமும் அந்த ரோந்தால பட்ட பாடு கொஞ்சமில்லை, இரவில வலை போடப் போனாலும் லைட் அடிச்சு மறிப்பாங்கள் எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுவினம்.

அட்டன்வாசி:
டீச்சர், நீங்க எழுதுனத ரெண்டு மூணு தடவை படிச்சேன். நான் இந்தக் கப்பல் மேல ஆசைப்பட்டதுக்கு காரணத்த சொல்லிர்றேன். இந்தக் கப்பலுக்கு எங்க போனாலும் ஒரு பதிவு இருந்துச்சு. மொன்றியல்ல பொறந்த தேதி இருக்கு, யாரு வாங்குனா, எந்த வருஷம் பேரு மாறுச்சு, எந்த வருஷம் கழிச்சாங்க, எல்லாத்துக்கும் காகிதம் இருக்கு. இங்க வந்த உடனே சிலோன் கப்பல்னு எழுதிக்கிட்டாங்க, யாரும் நீ எந்த நாடுன்னு கேக்கல. அதே 1959ல எங்க தாத்தா டிக்கோயாவுல பொறந்து வளந்து அம்பது வயச நெருங்குறாரு, அவருக்கு எந்த நாட்டுக் காகிதமும் இல்ல. அவரு நாடில்லாமலே செத்தாரு. 2003ல சட்டம் வந்து மிச்சம் இருந்தவங்களுக்கு குடியுரிமை குடுத்தப்ப அவரு இல்ல.

இத நான் முதல் பதிவுலயே எழுதல, கப்பல் இழையில கப்பல்தான்னு நெனச்சேன். டீச்சர் தொட்டதுனால எழுதுறேன். இது என் மனசுல எப்பவும் உள்ள விஷயம்.

ஸ்டோர் மெக்கானிக்:
தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. எங்க அப்பாவுக்கும் அதே கதைதான். அவரு கங்காணி புஸ்தகத்துலயும் செக்ரோல்னு சொல்ற தோட்டத்து வருகைப் பதிவுலயும்தான் இருந்தாரு, நாட்டுப் புஸ்தகத்துல இல்ல. ஸ்டோர்ல ஒவ்வொரு மெஷினுக்கும் வாங்குன வருஷம் போட்டு பித்தளைத் தகடு அடிச்சிருக்கும், அத தொடச்சுப் பளபளன்னு வச்சது அவருதான்.

தலவாக்கலை சசி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இப்ப இருக்கிற கஜபாகு பத்தியும் யாராவது சொல்லுங்களேன், அதுவும் பழைய கப்பல்தானாமே. எங்க பக்கத்து வீட்டுப் பையன் நேவியில சேரப் போறேன்னு நிக்கிறான், அவனுக்கு காட்டணும்.

அட்டன்வாசி:
சசி, ஆமா. அது அமெரிக்கக் கரையோரக் காவல் படையோட ஷெர்மன்ங்கிற கட்டர், அந்தப் படையில ரோந்துக் கப்பல அப்பிடித்தான் சொல்லுவாங்க. 1967ல தண்ணியில இறக்குனது, 1968ல சேவையில சேந்துச்சு. 378 அடி. முதல் கஜபாகுவுல நீராவி பிஸ்டன், இதுல ரெண்டு டீசல் இஞ்சினும் ரெண்டு கேஸ் டர்பைனும். சாதாரணமா டீசல்ல போகும், வேகம் வேணும்னா டர்பைன போட்டு 29 நொட் வரைக்கும் போகும். வியட்நாம் யுத்தத்துல 1970ல ஆயுதம் ஏத்தி வந்த ஒரு ட்ரோலர (இழுவை மீன்பிடிக் கப்பல) மூழ்கடிச்சதுல இதுக்குப் பங்கு உண்டு. 2007 மார்ச்ல பனாமா பக்கம் ஒரு சரக்குக் கப்பல மறிச்சு டன் கணக்குல கொகெய்ன் புடிச்சாங்க, கடல்ல அதுவரைக்கும் புடிச்சதுலயே பெருசுன்னு அப்ப உலகமே பேசுச்சு. 2018ல அமெரிக்கா சேவையிலேருந்து எடுத்து நமக்குக் குடுத்துச்சு, 2019 ஜூன் 6ல கொழும்புல ஜனாதிபதி சிறிசேன கொடியேத்துனாரு. நேவியில சமுதுரன்னு இன்னொரு கப்பல் இருக்கே, அதுவும் அதே படையோட பழைய கட்டர்தான், முந்தி கரேஜியஸ், 2004ல நமக்குக் குடுத்தாங்க.

பழைய கப்பல்னு எளக்காரமா நெனைக்க வேணாம். ஐம்பது வருஷம் ஒரு கப்பல் ஓடுதுன்னா பாதி மரியாதை அத பராமரிச்ச ஆளுங்களுக்கு. பையன் இஞ்சின் பக்கம் போக ஆசப்பட்டா தாராளமா போகச் சொல்லுங்க.

டிக்கோயா பொடியன்:
2022 ஜூலைல ஜனாதிபதி தப்பிச்சுப் போனப்போ பெட்டி ஏத்துன கப்பல் இதுதானே அண்ணே, வீடியோ பாத்தோமே

மட்டுறுத்துனர்:
நண்பர்களே, அதுக்கு தனி இழை இருக்கு, அங்க போய் பேசுங்க. இங்க கப்பல் வரலாறு மட்டும். டீச்சரோட பதிவுகள் இழைக்கு சம்பந்தப்பட்டதுதான், அத யாரும் ரிப்போர்ட் பண்ண வேணாம், ரெண்டு பேரு பண்ணியிருக்கீங்க, நான் எடுக்க மாட்டேன்.

தியத்தலாவை மலர்:
மட்டுறுத்துனருக்கு நன்றி. சசி, அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, மலையகத்துப் பசங்க அரச வேலைக்கு விண்ணப்பிக்கிறப்ப பிறப்புச் சான்றிதழ்ல பேரு எழுத்துப்பிழை இருந்தாலே திருப்பி அனுப்பிருவாங்க, எங்க வீட்டுல தம்பிக்கு அப்பா பேரு சிங்களத்துல ஒரு மாதிரி தமிழ்ல ஒரு மாதிரி இருந்ததுனால மாசக்கணக்கா அலைஞ்சோம். முதல்ல அத சரி பண்ணச் சொல்லுங்க, அப்புறம் விண்ணப்பம்.

தலவாக்கலை சசி:
ரொம்ப நன்றி அக்கா, இன்னிக்கே அவங்க அம்மாகிட்ட சொல்றேன்.

கொட்டகலை டீச்சர்:
அட்டன்வாசி தம்பி, இங்க பேசுனத எல்லாம் சேத்து தமிழ் விக்கிப்பீடியாவுல ஒரு கட்டுரையா போடலாம்ல? நான் பிழை திருத்தித் தர்றேன். 1959 தொடக்கம் 1978 வரைக்கும்ங்கிற பகுதியில திருமலை அண்ணன் சொன்ன 1962 சதி, கப்பல் வித்தது, 1971 எல்லாம் வரட்டும், பாக்கு நீரிணை ரோந்தும் அது யாருக்காக வச்சதுங்கிறதும் ஒரு பந்தியா வரட்டும். சுருக்கமா இருந்தாலும் பரவால்ல, விடுபடக் கூடாது.

அட்டன்வாசி:
வரும் டீச்சர், அது நிச்சயம். இஞ்சின் பகுதி மெக்கானிக் ஐயாவோடது, ரங்கல்ல மலரோடது. திருமலை அண்ணே, உங்ககிட்ட ஒரு உதவி: கஜபாகுவுல வேலை செஞ்ச பழைய ஆளுங்க யாராவது உங்க பக்கம் இருந்தா, இஸ்ரேல் பூட்டுன பீரங்கியோடயே நம்மகிட்ட ஓடுச்சா, இல்ல நாம மாத்துனோமான்னு கேட்டு எழுதுங்க. ஃபோட்டோ இருந்தா இன்னும் நல்லது, முன்பக்கமும் பக்கவாட்டும் தெரியிற மாதிரி.

திருமலைக்காரன்:
ரெண்டு பேர் இருக்கினம், ஒராள் பொய்லர் பக்கம் நிண்டவர். ஞாயிற்றுக்கிழமை போய்க் கதைச்சுட்டு எழுதுறன். மெக்கானிக் ஐயா, உங்களிட்ட பொய்லர் பற்றிக் கேள்வி இருந்தால் இப்பவே எழுதி அனுப்புங்கோ, கையோட கேட்டு வாறன்.

ஸ்டோர் மெக்கானிக்:
இருக்கு தம்பி. பொய்லருக்கு நல்ல தண்ணி எங்க எடுத்தாங்க, கப்பல்லயே கடல்தண்ணிய காய்ச்சி எடுத்தாங்களா இல்ல திருகோணமலையில நிரப்புனாங்களா, குழாய்ல உப்பு படிஞ்சா எத்தன நாளைக்கு ஒருக்கா சுரண்டுனாங்க, உதிரிப் பாகம் ஒடைஞ்சா கொழும்புல வார்த்தாங்களா வெளிநாட்டுலேருந்து வந்துச்சா. இந்த மூணும் கேட்டுட்டு வாங்க.